காத்து, பொகை, ஓட்டை

தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருக்கிற லெனேசியாவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை டர்பனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஹாரிஸ்மித்தைத் தாண்டியதும் என்3 நெடுஞ்சாலை வான் ரீனன் கணவாயில் வளைந்து வளைந்து இறங்கும். அந்த இறக்கத்தில், ஆக்சிலரேட்டரில் கால் பட்டும் படாமலும் வந்துகொண்டிருந்தபோது, ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்த மகள்தான் முதலில் கண்டாள். "அப்பா, அது என்ன லைட்?"

அது சிமிட்டவில்லை, நிலையாக எரிந்தது. கார் வைத்திருக்கிற யாரும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அந்த விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது என்று அர்த்தம். எரியாத பெட்ரோல், புகையில் இருக்கிற நச்சைக் குறைக்கச் சைலன்சர் குழாயில் வைத்திருக்கிற கன்வெர்ட்டருக்குள் (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், சுருக்கமாக 'கேட்') போய் அங்கே எரியும். கொஞ்ச தூரம் அப்படியே ஓட்டினாலும் கன்வெர்ட்டரின் உள்ளே இருப்பது உருகிப் போகலாம். அப்போது காலை எடுத்து, ஓரம் கட்டி, வண்டியை நிறுத்திவிட வேண்டும். நிலையாக எரிந்தால் அவ்வளவு அவசரம் இல்லை. அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்தி ஆயில் பார்த்தேன், எஞ்சின் சூடு பார்த்தேன். சத்தத்தில் மாற்றம் இல்லை, இழுவையும் குறையவில்லை. மீதி இருந்த 250 கிலோமீட்டரையும் மெதுவாக ஓட்டி வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அங்கே ஒரு பையன் ஸ்கேனரைச் செருகினான், ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தான். பி0420. கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்று கீழே ஒரு வரி. அதற்கும் கீழே புது கன்வெர்ட்டர், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 18,500 ரேண்ட். வண்டியை லிஃப்டில் ஏற்றவில்லை. அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எண் சொல்லிவிட்டது, பொருளை மாற்ற வேண்டியதுதான் என்றார்கள்.

இதுதான் எனக்கு ஆறவே இல்லை. காய்ச்சல் என்று போனால் தெர்மாமீட்டரை மட்டும் பார்த்து ஆபரேஷனுக்குத் தேதி கொடுப்பாரா ஒரு டாக்டர்? அந்த எண் காரின் கம்ப்யூட்டர் பார்த்ததைத்தான் சொல்கிறது. கெட்டுப்போனது எது என்று அது சொல்வதில்லை. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் பார்ப்பது என்ன? கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. ஒரு கிராம் பெட்ரோல் ஒழுங்காக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் விடாமல் சரிசெய்துகொண்டே இருக்கும். கொஞ்சம் பெட்ரோல் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். அதனால் முன் சென்சாரின் அளவு 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு போல ஒரு பீங்கான் கட்டி. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மெல்லப் பூசியிருக்கும். கூடவே சீரியம் ஆக்சைடு. காற்று மிஞ்சும்போது ஆக்சிஜனை வாங்கி வைத்துக்கொள்வதும், குறையும்போது திருப்பிக் கொடுப்பதும் அதன் வேலை. அது வேலை செய்கிறவரை முன்னால் நடக்கிற ஆட்டம் பின்னால் போய்ச் சேராது. பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட்டில் அசையாமல் இருக்கும். கன்வெர்ட்டர் செத்துவிட்டால் பின் சென்சாரும் முன்னதைப் போலவே ஆட ஆரம்பிக்கும். பின்னால் ஆட்டம் தெரிந்தால் கம்ப்யூட்டர் பி0420 என்று எழுதும். அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்தில் அதே தவறு தெரிந்தால்தான் பொதுவாக விளக்கைப் போடும்.

சரி, பின் சென்சார் ஆடுவதற்கு வேறு காரணமே இருக்கக் கூடாதா?

முந்நூறு ரேண்டுக்கு ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கினேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படுகிற இடத்தில் இருக்கிற 16 முனை சாக்கெட்டில் செருகினால் போனில் எல்லாம் தெரியும். முதலில் பார்த்தது, விளக்கு எரிந்த அந்த நொடியில் கம்ப்யூட்டர் எடுத்து வைத்திருந்த கணக்கு. எஞ்சின் சூடு 89 டிகிரி, வேகம் 96, எஞ்சின் மீதான பாரம் 19 சதவீதம். வான் ரீனன் இறக்கமேதான். எஞ்சின் இழுக்காமல் சும்மா உருண்டு வந்த நேரம், புகைக்குழாயில் ஓட்டம் மெலிந்திருந்த நேரம். அப்போது அதன் அர்த்தம் எனக்குப் புரியவில்லை.

அப்புறம் பெட்ரோல் திருத்தக் கணக்கு. கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எவ்வளவு பெட்ரோல் கூட்டுகிறது, குறைக்கிறது என்று சதவீதத்தில் காட்டும். பத்துக்கு மேல் போனால் எங்கோ கோளாறு. என் வண்டியில் இரண்டு சதவீதம். அதாவது எஞ்சினுக்குள் திருட்டுக் காற்று போகவில்லை, முன் சென்சாரை நம்பலாம். சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போகிற மிஸ்ஃபயர் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. இரண்டு சர்வீஸுக்கு நடுவே ஆயில் குறைவதும் இல்லை.

இந்த மூன்றையும் அடுத்தடுத்து எழுதி வைத்துப் பார்த்தபோது ஒரு சந்தேகம் வந்தது. கன்வெர்ட்டர் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை, ஏதாவது அதைக் கொல்ல வேண்டும். எரியாத பெட்ரோல், எஞ்சின் குடிக்கிற ஆயில், கசிந்து உள்ளே போகிற கூலண்ட், ஈயம், கந்தகம். தென்னாப்பிரிக்காவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2006-லேயே போய்விட்டது. கந்தகம் மட்டும் இன்னும் இருக்கிறது. கந்தகத்தை 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) அளவுக்குக் குறைக்கிற புதிய எரிபொருள் விதி தள்ளிப் போய்த் தள்ளிப் போய் இப்போது 2027 ஜூலை என்று நிற்கிறது. ஆனால் கந்தகத்தின் பாதிப்பு நல்ல சூட்டில் ஓரளவு நீங்கிவிடும், லெனேசியா போய் வந்த வண்டிக்கு அந்தச் சூடு தாராளமாகக் கிடைத்திருக்கும். பின்னே என் கன்வெர்ட்டரைக் கொன்றது யார்?

அன்று ராத்திரி வாசலில் வண்டியை ஓடவிட்டு இரண்டு சென்சாரையும் போனில் ஒரே கட்டத்தில் கோடாக வரைய விட்டேன். முன்னது சீராக ஏறி இறங்கியது. பின்னது 0.65-ல் படுத்துக் கிடந்தது, திடீரென்று 0.1-க்கு விழுந்தது, மறுபடி ஏறிப் படுத்துக்கொண்டது. சில நொடி கழித்து மறுபடி விழுந்தது. முன்னதன் தாளத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எஞ்சினை நிமிடத்துக்கு 2500 சுற்றில் பிடித்தேன். விழுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. காலை எடுத்தேன், மறுபடி விழுந்தது. செத்த கன்வெர்ட்டர் இப்படி நடந்துகொள்ளாது. அது செத்திருந்தால் பின்னது முன்னதை அச்சாக நகல் எடுத்திருக்க வேண்டும்.

போனில் அந்தக் கோட்டைப் படம் எடுத்துக்கொண்டு டர்பனிலேயே சாட்ஸ்வர்த்தில் இருக்கிற ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனேன். எழுபதைத் தாண்டியவர். இங்கே வயதில் பெரியவர் எல்லாரும் அங்கிள்தான், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதில் ஒரு நேரத்துக்கு ஒரு வண்டி. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்த முதல் கப்பலிலிருந்து கணக்குப் போட்டால் எத்தனை தலைமுறையோ, அவருக்குத் தமிழ் பெரும்பாலும் போய்விட்டது. பேசுவது எல்லாம் டர்பன் இங்கிலீஷ். ஆனால் வட ஆற்காட்டுக்காரரான அவருடைய ஆயா, அதாவது பாட்டி, பேசிக் கேட்ட சில சொற்கள் அப்படியே நாக்கில் நிற்கின்றன. நாம் பள்ளிக்கூடத்தில் திருத்தித் திருத்திக் கெடுத்த சொற்களை அவர் கெடாமல் வைத்திருக்கிறார்.

போனை வாங்கினார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "தம்பி, இது கேட் இல்லை. காத்து. காத்து உள்ளே வருது." அப்புறம் இங்கிலீஷில், வண்டியை விட்டுவிட்டுப் போ, நாளைக் காலையில் ஆறியிருக்கும்போது பார்க்கலாம் என்றார்.

மறுநாள் ஆறரை மணிக்கெல்லாம் போய்விட்டேன். ஜூலைக் காலை, டர்பனில் குளிர் என்று சொல்லத் தகுந்த ஒரே காலம். வண்டியை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து, டயருக்கு முட்டுக்கொடுத்தார். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதே என்று என்னிடம் ஒருமுறைக்கு இரண்டு முறை சொன்னார். கொட்டகையின் இரண்டு கதவையும் அகலத் திறந்தார். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அப்புறம் என்னைச் சாவி போடச் சொன்னார்.

"கேளு."

முதலில் எனக்கு எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவர் என் தோளை அழுத்திக் குனிய வைத்தார். அப்போது கேட்டது: டிக், டிக், டிக் என்று நகத்தால் தகரத்தைச் சுண்டுகிற மாதிரி மெல்லிய சத்தம், முன்சீட்டுக்கு நேர் கீழே. அரை நிமிடம் இருக்கும். குழாய் சூடாக ஆகச் சத்தம் தேய்ந்தது, ஒரு நிமிடத்தில் காணாமல் போய்விட்டது. சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை நெருக்கிவிடுகிறது, ஆனால் முழுதாக மூடுவதில்லை. ஒர்க்‌ஷாப்புக்கு நான் ஓட்டிக்கொண்டு போய்ச் சேரும்போது வண்டி சூடாகிவிட்டது. அங்கே யாராவது காதைக் கொடுத்திருந்தால்கூட அந்தச் சத்தம் கேட்டிருக்காது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பார்த்தபோது எனக்கே தெரிந்ததே. கன்வெர்ட்டரும் அதற்குப் பின்னால் வருகிற குழாயும் சேருகிற இடத்தில் இரண்டு போல்ட், இரண்டு ஸ்பிரிங், நடுவில் இடைவெளியை அடைக்க வளையமாக ஒரு கேஸ்கெட். அந்த இணைப்பின் மேல்பக்கம், விரல் நீளத்துக்கு விசிறி விரித்த மாதிரி கரி படிந்திருந்தது. காமாட்சி விளக்குக்குப் பின்னால் சுவரில் படியுமே, அதே மாதிரி மைக்கறுப்பு, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. அங்கிருந்து ஒரு சாண் தள்ளித்தான் பின் சென்சார். "பொகை," என்றார் கரியைக் காட்டி. எஞ்சினை அணைத்துவிட்டு, வேக்குவம் கிளீனரின் குழாயை ஊதுகிற பக்கம் மாற்றிச் சைலன்சர் வாயில் துணி சுற்றிச் செருகினார். சோப்புத் தண்ணீரை அந்த இணைப்பில் பீய்ச்சினார். கீழ்ப்பக்கம் ஒன்றும் இல்லை. மேலே, கரி இருந்த இடத்தில் மட்டும் நுரை பொங்கிப் பொங்கி வந்தது. "ஓட்டை."

காத்து, பொகை, ஓட்டை. அவரிடம் மிச்சமிருக்கிற தமிழில் மூன்று சொல், என் வண்டியின் முழு நோயும் அதில் அடங்கிவிட்டது.

ஓட்டையிலிருந்து புகை வெளியேதானே வரும், காற்று எப்படி உள்ளே போகும் என்று கேட்டேன். புகை ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஒரே சீராக ஓடுவதில்லை என்றார். ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு மூச்சு விடும், ஒவ்வொரு மூச்சுக்கும் பின்னால் ஒரு வெற்றிடம் வரும். அந்த வெற்றிடம் ஓட்டை வழியாக வெளிக்காற்றை உறிஞ்சும். எஞ்சின் வேகமாக ஓடினால் மூச்சுகள் நெருங்கிவிடும், உறிஞ்சல் அடங்கும். வான் ரீனன் இறக்கத்தில் விளக்கு ஏன் எரிந்தது, 2500 சுற்றில் கோடு ஏன் விழவில்லை என்பது அந்தக் கொட்டகையில்தான் எனக்குப் புரிந்தது. உறிஞ்சிய காற்றில் இருக்கிற ஆக்சிஜன் பின் சென்சாரைத் தொட, அது 0.1-க்கு விழ, கம்ப்யூட்டர் கன்வெர்ட்டர்மீது பழியைப் போட்டுவிட்டது.

இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று துருப்பிடித்து ஒடிந்திருந்தது. அதனால்தான் இணைப்பு ஒரு பக்கம் வாய் பிளந்திருக்கிறது. நாங்கள் இருப்பது மெர்பேங்க், கடல் பக்கம். உப்புக்காற்றில் வாசல் கேட்டே மூன்று வருஷம் தாங்குவதில்லை. போல்ட்டுக்குத் துரு எண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிட்டும் ஒன்று பாதியில் முறிந்தது. அதைத் துளை போட்டு எடுக்கத்தான் காலை முழுவதும் போனது. புது கேஸ்கெட், துருப்பிடிக்காத போல்ட், ஸ்பிரிங் எல்லாம் சேர்த்து 380 ரேண்ட். கூலியாக அவர் கேட்டது ரொம்பக் குறைவு, எனக்கு வெட்கமாக இருந்தது, கூடக் கொடுத்தேன், பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விளக்கை ஸ்கேனரில் ஒரு பட்டனில் அணைத்துவிடலாம். ஆனால் அதை அணைத்ததும் கம்ப்யூட்டர் எல்லாச் சோதனையையும் மறந்துவிடும், மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். அதனால் விளக்கு அணைந்தது என்பதற்கு ஒன்றும் பெரிய அர்த்தம் கிடையாது. கன்வெர்ட்டர் சோதனை 'முடிந்தது' என்று ஸ்கேனரில் வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அதற்கு ஆறிய எஞ்சினில் கிளம்பி, சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடி, அங்கங்கே காலை எடுத்து உருள விட வேண்டும். என்2-வில் ஸ்காட்பர்க் வரை போய் வந்தேன், இரண்டு நாள். மூன்றாம் நாள் வேலைக்குப் போகிற வழியில் சோதனை முடிந்தது என்று வந்தது. பின் சென்சார் 0.68. ரோபோவில் சிவப்புக்கு நின்றபோதும் (இங்கே சிக்னலுக்கு ரோபோ என்றுதான் பெயர்) கோடு அசையவில்லை.

இதற்கிடையில் எனக்குக் கிடைத்த இன்னொரு யோசனையையும் சொல்ல வேண்டும். பெட்ரோல் போடுகிற இடத்தில் ஒருவர், "அந்த கேட்டை வெட்டி உள்ளே இருப்பதை எடுத்துவிடு, வெறும் குழாயை வெல்ட் பண்ணு, எடுத்ததை விற்றால் உனக்குக் காசும் வரும்" என்றார். பின் சென்சாரைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைக்கிற ஒரு கட்டை உண்டு, அதை மாட்டினால் விளக்கும் எரியாது என்றார். இது இங்கே சாதாரணமாக நடக்கிறது. கேட்பாரும் இல்லை. இந்தியாவில் பெட்ரோல் பங்க் ஓரத்தில் குழாயைச் செருகிப் புகைச் சான்றிதழ் கொடுப்பார்களே, அந்த மாதிரி ஆண்டுதோறும் சோதனை இங்கே சொந்த பெட்ரோல் காருக்குக் கிடையாது. வண்டி கைமாறும்போது மட்டும்தான் தகுதிச் சான்றிதழ். ஆகவே என் காரின் புகையைக் கண்காணிக்கிற ஒரே ஆள் அந்த மஞ்சள் விளக்குதான். அதன் கண்ணைக் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

ஒப்பாததற்கு மெர்பேங்க்தான் காரணம். இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவில் பல பத்தாண்டுகள் கிடந்த ஊர் இது. தெருக்களுக்கெல்லாம் இந்திய ஊர்ப் பெயர்கள், காற்றில் அழுகின முட்டை வாசனை. 2020 டிசம்பரில் ஓர் ஆலையில் வெடிப்பு நடந்து அது நின்றது, 2022-ல் மற்றதும் நின்றது. என் பக்கத்து வீட்டு அக்காவின் இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடப் பையில் இன்ஹேலர் வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள். கன்வெர்ட்டர் இல்லாத எஞ்சின் விடுகிற கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடும் வேறெங்கும் போவதில்லை. இதே தெருவில், குழந்தைகளின் மூக்கு உயரத்தில்தான் வெளியே வருகிறது.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தேன்கூட்டில் இருக்கிற சில கிராம் உலோகம் இந்த நாட்டு மண்ணிலிருந்து வருவது. உலகத்தில் தோண்டியெடுக்கிற பிளாட்டினத்தில் ஏறக்குறைய எழுபது சதவீதம் தென்னாப்பிரிக்காவுடையது. ருஸ்டன்பர்க் பக்கம் பூமிக்கு அடியில் போய் எடுக்கிறார்கள். அங்கே மரிகானாவில், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களில் 34 பேரை 2012 ஆகஸ்ட் 16-ம் தேதி போலீஸ் சுட்டுக் கொன்றது. அந்த உலோகத்தை, நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே, ஒரு ஸ்பிரிங் துருப்பிடித்து ஒடிந்ததற்காகக் குப்பையில் போடச் சொன்னார்கள் என்னிடம். வெட்டி விற்கச் சொன்னார் இன்னொருவர். இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது.

கன்வெர்ட்டர் நிஜமாகவே செத்துப் போவதும் உண்டு. அப்போது மாற்றத்தான் வேண்டும், அதைக் கொன்றது எது என்று கண்டுபிடித்துவிட்டு. இல்லாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும். டீசல் வண்டிக்கு வேறு கதை, கரிவடிகட்டியும் புகையைத் திருப்பிவிடுகிற வால்வும் தனியாக எழுத வேண்டியவை.

நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று கூப்பிட்டார். அவர் வண்டியிலும் அதே மஞ்சள் விளக்காம். யாரோ எண் பார்த்துச் சொல்லிவிட்டார்கள், 16,000 ரேண்ட் ஆகுமாம். "பணம் கொடுத்துடாதீங்க அக்கா" என்றேன். சனிக்கிழமை காலை நான் வருகிறவரை யாரும் வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆறிய எஞ்சினின் முதல் அரை நிமிடச் சத்தம் எனக்கு வேண்டும்.